மிளகளவு பூமி

பொத்தேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இப்போது எனக்கு வேலை. கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குக் கேட்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். எதைக் கேட்டு வந்தாலும், "இது என்ன?" என்று முதலில் கேட்டுவிடுவேன். பாதிப் பேருக்குத் தெரியாது. "சும்மா நாலு டப்பா போட்டு அம்பு விடுங்கண்ணா" என்பார்கள். போடமாட்டேன். எந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, எது எங்கே போகிறது என்று சொன்னால்தான் மவுஸைத் தொடுவேன். கடைக்காரருக்கு என்னால் தினமும் பேஜாருதான். ஆனால் இந்தப் பழக்கம் என்னுடையதே இல்லை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்குப் பெயர் உண்டு. அவரைப் பற்றி எழுதப்போகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "பேரு எதுக்கு தம்பி? ஆளு இன்னான்னு சொல்லு, போதும்" என்றார். அதனால் போடவில்லை.

திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்ததும் சேலைமேல் ஒரு பழைய ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரும் தேய்ப்புக் கல்லுமாக உட்காருவார். உளி பிடிப்பது ஆண்கள், தேய்ப்பது பெண்கள் என்பது எங்கள் பட்டறையின் எழுதாத சட்டம். சிற்பிகள் கிளி மூக்கையும் யாளிப் பல்லையும் செதுக்கிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு நாள் கணக்கில் அந்தக் கல் அக்காவின் உள்ளங்கைக்குக் கீழேதான் கிடக்கும். தன் கைக்குக் கீழே கிடப்பது என்ன என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றமாட்டார். மற்ற பெண்கள் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா மட்டும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது இன்னா?" என்பார்.

ஒருமுறை ஈசிஆர் ஓட்டல் ஒன்றுக்கு நவீன சிற்பம் செய்தோம். வளைந்து நெளிந்து ஒரு ஆள் உயரம் இருந்தது. அக்கா கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. செதுக்கியவரைக் கேட்டால், "படம் குடுத்தாங்க, அடிச்சேன்" என்றார். அரை நாள் வேலை ஓடவில்லை. கடைசியில் நான் போய், "அலைக்கா அது, கடல் அலை" என்று ஒரு போடு போட்டேன். அப்படியா என்று, அலை எந்தப் பக்கம் மடங்குமோ அந்தப் பக்கமாகவே கையை ஓட்டித் தேய்த்தார். ஓட்டல்காரர்கள் வந்து பார்த்து, "நெருப்பு பிரமாதமா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் அங்கே பீடங்களுக்கும் எழுத்து வெட்டுவதற்கும் கம்ப்யூட்டரில் படம் போடுகிற ஆள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் என்று முதலாளி என்னை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இரண்டு பேப்பர் அரியர் இருப்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. படித்தவன் என்று தெரிந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிற விடிவெள்ளி என்ன நட்சத்திரம் என்று ஒருநாள் கேட்டார். அது நட்சத்திரமே இல்லை, கோள், நம் பூமி மாதிரிச் சூரியனைச் சுற்றுகிறது என்றேன்.

"அதான் மினுக்கல" என்றார். "மத்ததெல்லாம் மினுக்குது, இது மட்டும் கம்முனு கீது. நா ரொம்ப நாளா பாத்துக்கினுதான் கீறேன்."

எனக்கு அதைப் புத்தகம் சொல்லித்தான் தெரியும். நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சில மாதம் கழித்து அது காலையில் காணாமல் போய்ச் சாயங்காலம் மேற்கே வந்தபோது அக்காவே வந்து சொன்னார்: "தம்பி, ஒன் கோளு ஷிப்டு மாத்திக்கிச்சுடா. நெம்மேலி தண்ணி கம்பெனிக்குப் போற எங்க கொழுந்தன் மாதிரி."

இன்னொரு நாள் ஒரு ஆள் கறுப்பாக ஒரு கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். வானத்திலிருந்து அவன் வயலில் விழுந்ததாம், விண்கல்லாம். முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்: வானத்தில் சர்ரென்று எரிந்துகொண்டு ஓடுவது எரிகல், எரிந்து தீராமல் தரைக்கு வந்து சேர்வது விண்கல், வால்மீன் வேறு, அது பனிக்கட்டி. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஈரக் கையோடு வந்து கல்லைத் தூக்கிப் பார்த்தார். புரட்டினார். ஓரத்தைத் தன் தேய்ப்புக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே பொடிப் பொடியாகக் குமிழ் ஓட்டைகள் தெரிந்தன.

"இது செங்கல் சூளைக் கசடு. சின்ன வயசுல நா சூளையிலதான் கெடந்தேன், இத மாரி கூடை கூடையா வாரிக் கொட்டிக்கீறேன்" என்றார்.

வந்த ஆள் துணியை மடித்துக்கொண்டு போய்விட்டான். முதலாளி சிரித்தார். ஆனால் எல்லார் முன்னாலும் நடந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "நுணலும் தன் வாயால் கெடும்" என்று அக்காவின் முதுகைப் பார்த்துச் சொன்னார். அக்கா காதில் அது விழவில்லை, அவர் கசடு வேறு, கல் வேறு என்று பக்கத்துப் பெண்ணுக்குத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் செங்கல்பட்டு ரோட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. முன்வாசல் மைதானத்தில் கல்லால் சூரியக் குடும்பம் வைக்க வேண்டும். இரண்டடி விட்டத்தில் சூரியன், கோள்கள் எட்டும் உருண்டைகளாக, சனிக்கு வளையம். முதலாளி முதலில் புளூட்டோவையும் சேர்க்கச் சொன்னார். "கிரகம்னா ஒம்போதுடா. ஒம்போது இல்லாம நா கல்லே இறக்கினதில்ல." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். சூரியனோடு சேர்த்தால் எட்டும் ஒன்றும் ஒன்பதுதானே என்று நான் எடுத்துச் சொன்ன பிறகு சமாதானமானார். புளூட்டோவுக்கென்று எடுத்த சின்ன உருண்டை, தார்ப்பாய் பறக்காமலிருக்க மூலையில் போய் உட்கார்ந்தது.

அதைப் பார்த்து அக்கா விசாரித்தார். புளூட்டோவும் சூரியனைத்தான் சுற்றுகிறது, உருண்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது போகிற பாதையில் அதைப்போல இன்னும் பல கிடக்கின்றன, பாதையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் கோள், அதனால் இதைக் குறுங்கோள் என்று மாற்றிவிட்டார்கள் என்றேன். அக்கா பாவம் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

"சரியாத்தானே செஞ்சுக்கீறாங்க. மொதல்ல ஒண்ணு சொன்னாங்க, அப்பால நல்லா பாத்துட்டு, தப்புன்னு தெரிஞ்சதும் மாத்திக்கினாங்க. எத்தினி பேருக்கு அந்த மனசு வரும்?"

சூரியனைத் தேய்க்கும்போது அளவைப் பற்றிக் கேட்டார். சூரியன் நிஜமாகவே இரண்டடி என்றால் பூமி எவ்வளவு இருக்கும்? போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மிளகு. அக்கா எழுந்து போய்த் தன் தூக்கைத் திறந்து, நாஸ்தாவுக்குக் கொண்டுவந்த பொங்கலிலிருந்து ஒரு மிளகைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்தார். "எங்க வெக்கணும்?" இருநூற்றுப் பதினைந்து அடி தள்ளி என்றேன். பட்டறையின் ஐம்பதடி டேப்பை நாலு முறை இழுத்து, மேலே பதினைந்தடி போனோம். டீக்கடை தாண்டி இளநீர் வண்டி வரைக்கும் வந்தது. இளநீர்க்காரர் பலகைமேல் மிளகை வைத்துவிட்டு, அக்கா திரும்பிப் பட்டறை வாசலில் இருந்த சூரியனைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"தம்பி, இங்கேர்ந்து பாரு. சாயங்காலம் ஏரி மேல எறங்குதே சூரியன், அத்தினிதான் கீது அந்தக் கல்லு!"

பார்த்தேன். அதே அளவுதான். அளவும் தூரமும் சரியாக இருந்தால் அப்படித்தானே தெரிய வேண்டும்? எனக்குத் தோன்றவே இல்லை. நடுத்தெருவில் இரண்டு பேரும் ஒரு கருங்கல் உருண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். என் படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சனியின் வளையத்தில்தான் அக்கா மாட்டிக்கொண்டார். உருண்டையும் வளையமும் ஒரே கல்லில் வெட்டியது. "நெசத்துல இது ஒட்டிக்கினு கீதா, தனியா கீதா?" என்றார். தனியாகத்தான், எதையும் தொடாமல், பனியும் கல்லும் தூள் தூளாகச் சுற்றுகிறது என்றேன். நம்பவில்லை. "பாத்தியா நீ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பாத்தவங்கள கூட்டினு வா." யார் சொன்னாலும் அதை மட்டும் பட்டறையில் இருந்தவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

பீடத்தில் எந்தக் கல் எங்கே என்று படம் போடுவது என் பொறுப்பு. நான் அதுவரை எத்தனையோ கோயிலுக்கு நவகிரகப் பீடம் வரைந்து கொடுத்தவன். கம்ப்யூட்டரில் அந்தப் படம் தயாராக இருந்தது, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம், நடுவில் சூரியன். செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஐந்தும் ஏற்கெனவே கோள்கள்தான், அப்படியே விட்டேன். சந்திரன் என்று இருந்ததைப் பூமி ஆக்கினேன். ராகுவை யுரேனஸ் ஆக்கினேன், கேதுவை நெப்டியூன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இயற்பியல் படித்தவன் செய்த வேலை இது. கை பழகியதைச் செய்துவிட்டது, மூளை டீ குடிக்கப் போயிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல் நடுவதற்கு முந்தைய நாள், நானும் அக்காவும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மேடையில் இடம் குறித்தோம். நான் பேப்பரைப் பார்த்து வாசிக்க, அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். நான்காவது வட்டத்தில் நின்றார்.

"இன்னா தம்பி, இது நவகிரகத்துக்குப் போடறதாச்சே. அதுல ராகு கேது வருமே, அதுங்க இன்னா கல்லு?"

அவை கல்லே இல்லை, சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள், கிரகணம் அங்கேதான் வரும் என்றேன்.

"கல்லே இல்லாததுக்கா இத்தினி வருஷம் கல்லு தேய்ச்சுக்கினு கீறேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அது கோயிலுக்கு சரி. இது ஸ்கூலுதானே? சூரியனத்தான் எல்லாம் சுத்துதுன்ன. இப்புடி நாலு மூலைக்கும் வெச்சா எது கிட்ட, எது தூரம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் மறுநாள் கல் நட வேண்டும், அதற்கடுத்த நாள் திறப்பு விழா, முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது? "ஸ்கூல்ல கேட்டதே இப்படித்தான்க்கா, நீங்க போடுங்க" என்றேன். பேப்பரை மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார்.

மறுநாள் காலை செயின் போட்டு ஒவ்வொரு கல்லாக இறக்கினார்கள். ஒன்பதும் கலவையில் உட்கார்ந்துவிட்டன. பள்ளித் தாளாளர் பார்க்க வந்தார், கூடவே அறிவியல் டீச்சரும். அக்கா ஈரத் துணியோடு சனியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து சொல்லிவிட்டார்.

"சார், இது தப்பா கீது. கலவை காயறதுக்குள்ள தூக்கிடலாம். சூரியனாண்டேர்ந்து வரிசையா புதன், வெள்ளி, பூமின்னு போவணும்."

"வாய மூடு" என்றார் முதலாளி.

தாளாளர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மெதுவாக, "அவங்க சொல்றது சரிதான் சார்" என்றார். தாளாளருக்கு முகம் சிவந்தது. "யாருய்யா இப்படிக் குறிச்சது?" முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"சாக்பீஸ்ல குறிச்சது இவங்கதான் சார்" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, ஒரு புதுக் கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பேப்பர் எங்க தம்பி?" என்றார்.

"பட்டறையிலயே வெச்சிட்டேன்க்கா."

பேப்பர் அப்போதும் என் பின்பாக்கெட்டில்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாளி அங்கேயே அவரைப் போகச் சொல்லிவிட்டார். அக்கா குழாயடியில் கை கழுவி, சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் தேள் கொட்டிய திருடனாக நின்றேன்.

அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, ஊரையும் கூப்பிட்டாகிவிட்டது. எடுத்தால் சனியின் வளையம் உடையும் என்றார் முதலாளி. தாளாளரும் கொஞ்ச நேரம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும், பார்க்க மங்களகரமாத்தான் இருக்கு" என்றார். அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த பரீட்சைக் காலத்தில் பள்ளியிலிருந்து போன் வந்தது. கல்லெல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, ஆள் அனுப்புங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் சூரியக் குடும்பத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சனியின் வளையத்தில் வரிசையாக எள் விளக்கு ஏற்றிய கரி. கேதுவின் இடத்தில் இருந்த நெப்டியூனுக்கு யாரோ பல வண்ணத் துண்டு கட்டியிருந்தார்கள். இதற்குச் சிரிக்கலாம். நானும் சிரித்திருப்பேன், ஆனால் சனிக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"வா தம்பி. சொம்மா ஆளு அனுப்புவாங்கன்னு பாத்தா, நீயே வந்துக்கீற" என்றார்.

பட்டறையை விட்டபின் பல மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறார். அறிவியல் டீச்சர்தான் விசாரித்துத் தேடிப் பிடித்து, பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்த்திருக்கிறார். லேப் உதவிக்கு ஆள் வேண்டுமென்று அக்காவையே டீச்சர் கேட்டாராம். தாளாளர் மறுத்துவிட்டாராம். "கோளையே மாத்தி வெச்ச பொம்பள, ஆசிட் பாட்டில மாத்தி வெச்சா?"

"அங்க ஒரு டெலஸ்கோப்பு கீது தம்பி" என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "உறை போட்டே வெச்சுக்கீறாங்க. லேப்பு ஆளுதான் தொடலாமாம். அதுல சனி தெரியும்னு டீச்சரு சொன்னாங்க. மோதிரம் ஒட்டிக்கினு கீதா தனியா கீதான்னு ஒரு தபா பாத்துட்டா போதும் எனக்கு."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்தேன். அன்றிலிருந்து அதைக் கிழித்துப் போடவும் முடியாமல், யாரிடமும் காட்டவும் முடியாமல் வைத்திருந்தேன். அக்கா வாங்கி விரித்தார். ஒன்பது கட்டம். அடியில் கம்ப்யூட்டர் தானாக அடித்திருந்த ஃபைல் பெயர், 'நவகிரகம் புதுசு'. அதற்குப் பக்கத்தில் என் இனிஷியல்.

வெகுநேரம் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "இத அன்னிக்கே எடுத்திருக்கலாம்ல தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. அக்காவை அப்படி நான் பார்த்ததில்லை.

"பயமா இருந்திச்சுக்கா."

"தெரியும்" என்று பேப்பரை என் கையிலேயே திருப்பி வைத்தார். "ஆபீஸ் ரூமு அந்தாண்ட கீது. நா குடுத்தா நம்பமாட்டாங்க. நீ குடு."

போனேன். தாளாளர் மேசைமேல் பேப்பரை வைத்து, "வரைஞ்சது நான்தான் சார். அவங்க அன்னைக்கே தப்புன்னு சொன்னாங்க, நான்தான் மறைச்சேன்" என்றேன். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். நான் மாமல்லபுரம் பஸ் ஏறுவதற்குள் முதலாளிக்குச் சங்கதி போய்விட்டது. பட்டறை வாசலில் என் சாப்பாட்டுப் பை வெளியே இருந்தது. அப்படித்தான் பொத்தேரிக்கு வந்து சேர்ந்தேன்.

சில வாரம் கழித்து ஒருநாள் இருட்டியபின், கடையில் கூட்டமான நேரம், போன் அடித்தது. அக்கா. பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, தனியாத்தான்டா கீது! சுத்திலும் இருட்டு தெரியுது, நடுவுல கறுப்பா சந்து தெரியுது. எங்கயும் ஒட்டல!"

லேப் வேலை கிடைத்ததா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "சந்தோஷம்க்கா" என்றேன்.

"சந்தோஷம் இருக்கட்டும்" என்றார் அக்கா. "ஒட்டலன்னா அது ஏன் கீழ வுழல? அத சொல்லு மொதல்ல."